கூலிக்கு மாரடித்தவள் சொந்தச் சாவுக்கு அழுதபோது

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்க அத்தை மகன் செத்துப்போனான். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், ராத்திரி பத்து மணிக்கு, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவனை டிப்பர் லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அவனுக்குத் தோட்ட வேலை. மறுநாள் மத்தியானம் போஸ்ட்மார்ட்டம் முடித்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், கொண்டுவந்து இறக்கினோம். காலனியே தெருவில் நின்றது. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள்.

ஒப்பாரியில் அத்தை கெட்டிக்காரி. சுற்றுவட்டாரச் சாவுக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவள் மகனைப் பற்றி மட்டும் பாடவில்லை. பிதாவிடம் நேராகக் கணக்குக் கேட்டாள். உம் மவன் மூணாம் நாள் எழுந்து வந்துட்டான், எம் மவனுக்கு இன்னா தேதி குடுத்துகீற என்று கேட்டாள். ரோட்டில் லைட் எரியாத வளைவைச் சொன்னாள். லாரி நம்பரைச் சொன்னாள்.

ஜெபம் பண்ண வந்த உபதேசியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, "அம்மா, நம்பிக்கை இல்லாத ஜனங்க மாதிரி அழக் கூடாது. மனசு ஒடஞ்சவங்க பக்கத்துல ஆண்டவர் இருக்காரு. அமைதியா இரு" என்றார். அத்தை தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பக்கத்துலதான கீறாரு? அப்ப கேக்கட்டும்."

இந்தக் கட்டுரை இந்த இரண்டு பேச்சைப் பற்றியது. உபதேசியாரும் அத்தையும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறவர்கள். கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. பக்கத்தில் இருக்கிறார், அதனால் வாயை மூடு என்கிறது ஒன்று. பக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் சத்தம் போடுகிறேன் என்கிறது மற்றது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் முந்நூறு வருஷ எழுத்தை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் படிக்கலாம். எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ணப் பிள்ளை என்று மூன்று பெயர் வரும். பக்தி உருக்கம் பற்றி ஒரு பெரிய கேள்வி வரும். உருகினவர்கள் யார் பக்கத்தில் உட்கார்ந்து உருகினார்கள், யாரைத் தள்ளி உட்காரவைத்து உருகினார்கள் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

சபை ஒப்பாரிக்கே எதிரி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வீரமாமுனிவர் 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று ஒன்று செய்திருக்கிறார். சிலுவையடியில் நின்ற தாயின் அழுகை அது. இலங்கையில் இருந்து எழுதிய கோவாக்காரப் பாதிரியார் யாக்கோமே கொன்சால்வெஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் அதை ராகம் போட்டு இழுத்து வாசிப்பார்கள். எங்க ஆயா வழியில் கத்தோலிக்கர். பெரிய வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க ஆயா அந்த வாசிப்பைக் கேட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எந்தச் சாமியாரும் அமைதியாக இரு என்று சொன்னதில்லை. மாதாவுக்கு ஒப்பாரி உண்டு. மரியம்மாள் என்று மாதா பேரையே வைத்துக்கொண்ட எங்க தெருப் பொம்பளைக்குக் கிடையாது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கொலைக்கு அழலாம், நேற்று ராத்திரி நடந்ததற்கு அழுதால் அவிசுவாசம்.

சீர்திருத்த சபைகளின் பக்கம் கதை இன்னும் சிக்கல். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாட்டுகளை நானும் பாடித்தான் வளர்ந்தேன். அந்தப் பாட்டுகளில் கண்ணீர் உண்மையானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே சாஸ்திரியார்தான் 1820களில் இளம் மிஷனரிகள் கோயிலுக்குள் சாதிப் பிரிவினையை எடுக்கப் பார்த்தபோது வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்காக எழுந்து நின்று எதிர்த்து எழுதினார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஒரே கிண்ணத்தில் ராப்போஜனம் எடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. கடவுளிடம் ஒட்டிக்கொள்ள ஆசை, பறையனிடம் ஒட்டாமல் இருக்கவும் ஆசை. நம்முடைய 'பக்தி உருக்கம்' ஆராய்ச்சிகளில் இந்த இரண்டு ஆசையும் ஒரே ஆளிடம் இருந்தது என்பதைச் சேர்த்து எழுதினவர்கள் குறைவு. கிருஷ்ணப் பிள்ளையைப் பற்றி இங்கே நீட்டவில்லை. அவருடைய யாத்திரிகன் போகிற பாதையில் எங்கள் சேரி வராது.

'கூலிக்கு மாரடிக்கிறது' என்று ஒரு சொல் தமிழில் எல்லாரும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறார்கள். மனசில்லாமல் வேலை செய்கிறவனைத் திட்டுவதற்கு. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? ஆண்டை வீட்டுச் சாவுக்கு நம்ம பொம்பளைகளைக் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்து அழச் சொன்னார்கள். நம்ம ஆம்பளைகளைப் பறையடிக்கச் சொன்னார்கள். படி நெல்லோ பழைய துணியோ போட்டு அனுப்பினார்கள். நிலத்தில் நம் உழைப்பை எடுத்துக்கொண்டவர்கள் சாவில் நம் துக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அதைப் பொய்யழுகை என்று பழமொழியும் ஆக்கிவைத்தார்கள். அதனால் 'சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்' என்று நம் ஊர்களில் எழுந்த மறுப்பு நியாயமானது. பறையை வெறும் கலை என்று மேடையேற்றிக் கொண்டாடுகிற தோழர்கள் இதை மறக்கக் கூடாது. ஞானஸ்நானம் எடுத்த நம் முன்னோரிடம் பறையை விடு என்று மிஷனரிகள் சொன்னபோது, பலர் அதை விடுதலையாகவும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் ஆண்டைக்கு அழுவதை நிறுத்தச் சொன்னதோடு சபை நின்றதா? சொந்தச் சாவுக்கு அழுவதையும் சேர்த்து அஞ்ஞானம் என்றது. கூலிக்கு அழுதவள் முதன்முதலாகக் கூலி இல்லாமல், தன் வயிற்றில் பிறந்தவனுக்காக அழும்போது, ஒருவர் வந்து ஆறுதல் என்கிற துணியை வாயில் திணிக்கிறார். எனக்குக் கோபம் இங்கேதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எனக்குப் பதினாலு வயசு. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கினபோது மணலுக்குள்ளிருந்து பழைய கல்லெல்லாம் தெரிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டி முருகன் கோயில் ஒன்றைக் கண்டெடுத்தது. கல்லைத் தேட ஆள் வந்தார்கள். கரையோரம் மீன் கூடை தூக்கியும் கருவாடு காயவைத்தும் பிழைத்த நம் ஜனங்கள் படகும் வலையும் இல்லாதவர்கள் என்பதால் பல இடங்களில் பாதிக்கப்பட்டோர் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. நாகப்பட்டினம் பக்கம் முகாம்களில் தலித்துகளைத் தனியே ஒதுக்கியதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த வாரங்களில் நான் கேட்ட பிரசங்கங்களில் யோபு வராத பிரசங்கம் இல்லை. ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவரே எடுத்தார், அவனைப் போலப் பொறுமையாக இரு.

யோபு புஸ்தகத்தை முழுசாகப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். 42 அதிகாரம். பொறுமைசாலி யோபு முதல் இரண்டு அதிகாரத்தோடு சரி. மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளைச் சபிக்க ஆரம்பிக்கிறவன் கடவுளை வழக்குக்கு இழுக்கிறான், பதில் சொல் என்று நிற்கிறான். ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் அத்தனை பேரும் இறையியல் சுத்தமாகப் பேசுகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார்? அந்த ஆறுதல்காரர்கள்மேல். யோபு பேசினதைத்தான் சரியென்கிறார். நம் மேடைகளில் இரண்டாம் அதிகாரத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி நாற்பத்திரண்டில், சொத்தெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிற இடத்தில் இறங்குகிறார்கள். நடுவில் முப்பத்தொன்பது அதிகாரம் யாருக்காக எழுதிக் கிடக்கிறது?

எரேமியா ஒன்பதாம் அதிகாரம் இன்னும் நேரடி. அங்கே கடவுளே புலம்பத் தெரிந்த பெண்களைக் கூப்பிட்டனுப்பச் சொல்கிறார். உங்கள் மகள்களுக்கும் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். 'புலம்பல்' என்றே ஒரு புஸ்தகத்துக்குத் தமிழ் வேதாகமத்தில் பெயர். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு முறையீடு. லாசரு செத்து நாலாம் நாள் வந்த இயேசுவிடம் மார்த்தாள் முதலில் சொல்வது வரவேற்பு இல்லை, நீர் இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டான் என்கிற குற்றச்சாட்டு. அவர் அதைக் கண்டிக்கவில்லை. கல்லறைக்குப் போகிற வழியில் அவரும் அழுதார். அத்தை பேசினது மார்த்தாள் பேச்சு. உபதேசியார் பேசினது யோபுவின் சிநேகிதர்கள் பேச்சு. வேதம் தெரிந்தவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் தலித் இறையியல் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசியிருக்கிறது. 1981-ல் பெங்களூரில் பேசத் தொடங்கிய ஏ.பி. நிர்மல், தலித்துக்குக் கடவுளை அறிகிற வழி அவனுடைய வலிதான் என்றார். செயலுக்கு முன்னால் வலி இருக்கிறது என்றார். செங்கல்பட்டுப் பக்கத்துப் பறையர் கிராமங்களில் ஊழியம் செய்த சத்தியநாதன் கிளார்க், 1998-ல் வந்த புத்தகத்தில், எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வேதமாகப் பறையைப் படித்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை', கர்நாடக ராகக் கீர்த்தனைகளை ஓரம் வைத்துவிட்டு நாட்டுப்புற மெட்டில் வழிபாடே அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் தின்பதுதான் திருவிருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2005-ல் அவர் போனது நமக்குப் பெரிய நஷ்டம்.

ஆனால் நிர்மலிடம் எனக்கு ஒரு தகராறு உண்டு. வலியில்தான் கடவுள் தெரிகிறார் என்பதை மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி, வலியே நமக்குக் கிடைத்த பாக்கியம் என்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். பாடுபடுகிற தாசன் என்று நமக்கு ஒரு பட்டம். சேரிக்குக் கேமராவோடு வந்து எங்கள் கண்ணீரில் கிறிஸ்துவைப் பார்த்துவிட்டுப் போகிற வெளிநாட்டு மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தைக்கு வலி வேண்டியதில்லை, மகன் வேண்டும். அவள் கடவுளுக்குக் கிட்டே போனது வலித்ததால் இல்லை, வலித்ததைச் சும்மா விடாததால். நிர்மலை இப்படித் திருத்திப் படித்தால்தான் அவர் நமக்குப் பயன்படுவார்.

அப்படிப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இறையியல் புத்தகம் எதுவும் இல்லை, பாமாவின் 'கருக்கு'. 1992-ல் வந்தது. முப்பது வருஷமாக எல்லாரும் அதைச் சாதிக் கொடுமையின் சாட்சியம் என்று படித்தாகிவிட்டது. சரிதான். ஆனால் அது கடவுளைப் பறிகொடுத்தவளின் புத்தகமும்தான். 1985-ல் கன்னியாஸ்திரியாகப் போய் ஏழு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். மடத்துக்குள் கடவுள் வசதியானவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர். நீதிக்காகக் கோபப்படுகிற கடவுளை ஒளித்துவைத்துவிட்டு, நம் ஜனங்களுக்குப் பணிவையும் பொறுமையையும் மட்டும் போதிக்கிறார்கள் என்று அவர் எழுதுகிற இடம் எந்த இறையியல் பேராசிரியரையும் விடக் கூர்மையானது. பனங்கருக்கையும் இருபுறமும் கருக்குள்ள வேதாகம வாளையும் அவர் தலைப்பிலேயே சேர்த்து முடிந்துவைத்தார்.

அந்தப் புத்தகத்துக்கு வடிவம் இல்லை, சொன்னதையே சொல்கிறது, முன்னும் பின்னும் ஓடுகிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் ஒப்பாரி கேட்டதில்லை. ஒப்பாரியில் கதை நேர்க்கோட்டில் போகாது. ஒரே இழப்பை வெவ்வேறு பக்கத்திலிருந்து வந்து வந்து தொடும். பிறந்தது, வளர்ந்தது, பட்ட கடன், செய்தவன் பேர், செய்யாதவன் பேர் என்று சுற்றும். 'கருக்கு' ஒரே வாழ்க்கையை ஊர் வழியாக ஒரு தரம், வேலை வழியாக ஒரு தரம், கோயில் வழியாக ஒரு தரம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. கடைசியில் ஆறுதலும் கிடையாது. மடத்தை விட்டு வந்தவள் இறகொடிந்த மாதிரி நிற்கிறாள், அவ்வளவுதான். நாவல் இலக்கணத்தை வைத்து அளந்தால் குறை. ஒப்பாரியின் இலக்கணத்தில் வைத்தால் அது முறை.

இப்போது செங்கல்பட்டுக்கு வருகிறேன். 1891-ல் இந்த மாவட்டக் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை என்று எழுதினார். மிஷனரிகளும் நெருக்கினார்கள். 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. நூறு வருஷத்தில் அந்த நிலம் யார் யார் கைக்கோ போனது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அதை மீட்க மக்கள் இறங்கினார்கள். அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். எனக்கு அப்போது நாலு வயசு. வீட்டில் அடுப்பு எரியாத நாள் என்றுதான் ஞாபகம்.

ஒரு பெயர் பைபிளிலிருந்து வந்தது. ஒரு பெயர் திருப்பதி மலையிலிருந்து வந்தது. குண்டு இரண்டையும் பிரிக்கவில்லை. சட்டம் பிரிக்கும். 1950-ல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவனைத் தாழ்த்தப்பட்டவன் இல்லை என்கிறது; 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவனை இன்றுவரை இல்லை. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், மற்ற தாழ்த்தப்பட்ட தொழிலாளிகளுக்குக் கொடுத்த பங்க் கடையைத் தனக்கும் கொடு என்று உச்சநீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சேர்க்கச் சொன்னது. 2022-ல் இன்னொரு கமிஷன் போட்டார்கள், திரும்பவும் ஆதாரம் திரட்ட.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கோயிலுக்குள், அழாதே என்று சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டில், நீ அழுததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அழுகையை அடக்குவது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்கிற சபைத் தலைவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கிறிஸ்தவத்துக்குள் சாதி இல்லை என்று நூறு வருஷம் வெளியே சொல்லிக்கொண்டு, உள்ளே தனிக் கல்லறை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கருக்குப் பிணவண்டி தனி, கல்லறை தனி. 2008 மார்ச்சில் தலித்துகள் தனியே பங்கு கேட்டபோது அது கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அந்தத் தாய்களும் அழுதிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளும் சாதிக்குத்தான் பலியானார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எந்த வாசல் வழியாக எழுந்து வருவது என்று யாராவது போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்களா?

உபதேசியாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவரும் எங்கள் ஆள்தான். சபை கொடுக்கிற காசு ரேஷனுக்குக்கூடப் போதாது. தன் சொந்த மகளை அடக்கம் பண்ணினபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஜெபம் நடத்தினவர் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அத்தை மகன் அடக்கம் முடிந்த அன்றைக்கு ராத்திரி அவர் திரும்ப வந்தார். பைபிள் கொண்டுவரவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். அத்தை மறுபடியும் எடுத்தாள். இந்தத் தடவை அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். அத்தை தன் மகன் பேரோடு அவர் மகள் பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் கழித்து அத்தையிடம் அந்த ஒப்பாரியைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதினேன். நோட்டில் ஆறு பக்கம் வந்தது. படித்துக் காட்டினேன். பிதாவிடம் தேதி கேட்ட இடம், வளைவில் லைட் இல்லாதது, உபதேசியார் மகள் பேர் எல்லாம் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள், "நம்பர எழுதல நீ" என்றாள். அது பாட்டில் எதற்கு, போலீசில்தான் கொடுத்தாச்சே என்றேன். "அங்க குடுத்தது அங்க. இங்கயும் எழுது" என்று லாரி நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.